விடியப்புறம் 3 மணி, ஆனால் எந்த ஊரின் 3 மணி?

வீடு முழுக்க ஒரே வைஃபை கிடைக்க இரண்டு மூன்றாகச் சேர்த்து வைக்கும் மெஷ் வைஃபை பெட்டிகள் அனேகமாக எல்லாமே, புதிய ஃபேர்ம்வேர் (பெட்டியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) வந்தால் விடியப்புறத்தில் தாங்களே ஏற்றிக்கொள்ளும் வசதியோடுதான் வருகின்றன. வீட்டில் எல்லாரும் நித்திரை, ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லை என்ற கணக்கு. யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் பிழைக்கிறது.

ஒன்று, பெட்டி வந்த வழி. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் மூன்று பெட்டிச் செற் ஒன்றை வாங்கி, அங்கேயே பூட்டி, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். பெட்டியை நிர்வகிக்கும் போன் செயலியில் நேர வலயம் ரொறன்ரோவாகவே நின்றுவிடும். ரொறன்ரோவின் விடியப்புறம் 3 மணி என்பது இங்கே மத்தியானம் 12.30, அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் 1.30. லண்டன் செற் என்றால் காலை 7.30 அல்லது 8.30. பட்டப்பகலில் நெற் அறுந்து பெட்டி தானாக அணைந்து திரும்ப எழும்பும்போது, வீட்டில் இருப்பவர் செய்யும் முதல் வேலை பிளக்கைக் கழற்றிப் போடுவது. அப்டேற் நடுவில் செய்யக்கூடாத ஒரே வேலையும் அதுதான்.

மற்றது கறண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலம் போய்விட்டது. ஆனாலும் 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முழு நாடும் இருண்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வளவு பெரிய தடை தேவையில்லை. ஐப்பசி கார்த்திகையில் இடி மின்னலோடு மழை இறங்கினால் கறண்ட் ஐந்து நிமிடம் போய்வரும். அந்த ஐந்து நிமிடம் பிழையான நேரத்தில் விழுந்தால் போதும்.

அதற்காகத் தானியங்கி அப்டேற்றை நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. அது அதைவிடப் பெரிய பிழை. 2023 மார்ச்சில் ரிபி-லிங்க் நிறுவனம் தன் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டரின் ஓட்டை ஒன்றை அடைக்கும் ஃபேர்ம்வேரை வெளியிட்டது. ஏப்ரல் மாதமே மிராய் வகைத் தீநிரல் (கருவிகளைக் கைப்பற்றும் கெட்ட மென்பொருள்) அந்த ஓட்டையால் புகுந்து, அப்டேற் செய்யாத ரவுட்டர்களைப் பிடிக்கத் தொடங்கியது. இடைவெளி சில கிழமைகள்தான். 2018 இல் விபிஎன்ஃபில்ரர் என்ற தீநிரல் 54 நாடுகளில் 5 இலட்சம் கருவிகள் வரை பிடித்தது. அவற்றில் பெரும்பான்மை வீடுகளிலும் சின்னக் கந்தோர்களிலும் இருந்த ரவுட்டர்கள்.

மெஷ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். 2017 ஒக்ரோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மத்தி வான்ஹூஃப் வெளியிட்ட கிராக் என்ற பலவீனம், அதாவது வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறையில் இருந்த ஓட்டை, முக்கியமாகத் தாக்கியது வைஃபையோடு இணையும் பக்கத்தைத்தான், அதாவது போன், மடிகணினி போன்றவற்றை. ஆகவே ஒற்றை ரவுட்டர் வைத்திருந்த பலர் போனை மட்டும் அப்டேற் செய்து சமாளித்தார்கள். மெஷ்ஷில் அப்படி முடியாது. நெற் லைன் வந்து சேரும் பெட்டி தாய்ப்பெட்டி, மற்றவை துணைப்பெட்டிகள். வயர் இல்லாமல் இணையும் துணைப்பெட்டி, தாய்ப்பெட்டியின் கண்ணுக்கு ஒரு போன் மாதிரித்தான். போனில் இருந்த அதே ஓட்டை அதற்குள்ளும் இருந்தது. 2021 மே மாதம் அவரே வெளியிட்ட ஃபிராக்அற்றாக்ஸ் இரண்டு பக்கத்தையும் தொட்டது. தாய்ப்பெட்டியை மட்டும் புதுப்பித்துவிட்டுத் துணைப்பெட்டிகளைப் பழைய பதிப்பில் விடுவது ஏன் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

அப்போ என்ன செய்வது? வீட்டைப் பொறுத்தது. அம்மா அப்பா மட்டும் இருக்கும் வீடு, செயலியைத் திறந்து பார்க்க ஆள் இல்லை என்றால் தானியங்கியை விட்டுவிடுங்கள். நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றுங்கள், பெட்டிகளுக்கு யூபிஎஸ் (கறண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட்டும் பற்றறி) கொடுங்கள், அவ்வளவுதான். கூகுள் நெஸ்ற் வைஃபை வைத்திருப்பவர்களுக்கு வேறு தெரிவே இல்லை; அதன் தானியங்கி அப்டேற்றை நிறுத்த முடியாது. வீட்டில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்தால், தானியங்கியை நிறுத்தி மாதம் ஒருமுறை கையால் செய்வது என் தெரிவு. புதிய பதிப்பு வந்து ஒன்றிரண்டு கிழமை பொறுத்து, மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுச் செய்யலாம். புதிய பதிப்போடு வரும் குறிப்பில் பாதுகாப்புத் திருத்தம் என்று இருந்தால் மட்டும் பொறுக்கவேண்டாம்.

நேரத்தைச் சொல்லிவிடுகிறேன்: கிழமைநாளில் காலை 10 மணி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ரொறன்ரோவில் நடுச்சாமம், லண்டனில் இன்னும் எழும்பும் நேரம் ஆகவில்லை, ஆகவே வீட்டு சிசிரிவியை அங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் இல்லை, வீடியோ அழைப்பும் இல்லை. மழைக்கால இடி அனேகமாகப் பின்னேரத்தில்தான் கூடும், காலை பாதுகாப்பு. மாலை 6.30 இலிருந்து 10.30 வரை நாட்டின் உச்சப் பாவனை நேரம், அதைத் தவிருங்கள். ஒன்று கவனம்: பராமரிப்புக்கு அறிவித்து மின்சாரம் வெட்டுவதும் கிழமைநாள் பகலில்தான், அன்றைய அறிவித்தலைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி யூபிஎஸ். ரவுட்டருக்கென்று கடையில் விற்கும் சின்ன டிசி யூபிஎஸ் போதும். மேலே 8800 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் செல்லின் கணக்கு. 12 வோல்ற்றுக்கு அப்படியே எடுக்கக்கூடாது. 8.8 ஐ 3.7 ஆல் பெருக்கினால் 32.6 வாற் மணி. மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் கையில் 27 அளவில் நிற்கும். இணைய நிறுவனத்தின் ஃபைபர் பெட்டி 8 வாற், மெஷ் தாய்ப்பெட்டி 10 வாற் என்று வைத்தால் ஒன்றரை மணித்தியாலம். ஒரு அப்டேற்றுக்குத் தாராளம். வாங்கும்போது உங்கள் அடப்ரரில் இருக்கும் வோல்ற்றையும் அம்பியரையும் பாருங்கள். 12 வோல்ற் 2 அம்பியர் கேட்கும் பெட்டியை 1 அம்பியர் வெளியில் பூட்டினால், சும்மா இருக்கும்போது ஓடும், வேலை கூடும் நேரத்தில் விழும். ஊசிப் பிளக்கின் வெளிவிட்டம் இரண்டு வகையிலும் 5.5 மி.மீ. தான், உள்விட்டம் 2.1, 2.5 என்று இரண்டு உண்டு. 2.5 பிளக் 2.1 ஊசியில் ஏறும், ஆனால் ஆடும். கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள், விளக்கு மினுங்கினால் அந்தப் பிளக்கோடு அப்டேற் தொடங்கவேண்டாம். குருநகர், பாசையூர்ப் பக்கம் கடற்காற்றில் இந்தப் பிளக்குகள் கெதியாகப் பச்சை பிடிக்கும், துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். யூபிஎஸ் பழையது என்றால் முதலில் அதைச் சுவரிலிருந்து கழற்றி 10 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். தாக்குப்பிடித்தால் திரும்ப ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

கூரையில் சோலார் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு: பற்றறி இல்லாமல் மின்சார லைனோடு மட்டும் இணைத்த சோலார், லைன் போனவுடன் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்குக் கறண்ட் அடிக்காமல் இருக்க அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அதை நம்பவேண்டாம். கிணற்று மோட்டரையும் முதலே போட்டுத் தொட்டியை நிரப்பிவிடுங்கள். மோட்டர் தொடங்கும்போது றிப் சுவிற்ச் விழுகிற வீடுகள் எத்தனையோ.

கறண்டுக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், அப்டேற் மூன்று கட்டமாக நடக்கிறது. முதலில் கோப்பு ரவுட்டரின் தற்காலிக நினைவகத்துக்கு இறங்குகிறது. பிறகு அந்தக் கோப்பு தயாரிப்பாளருடையதுதானா, இந்த மாதிரிக்குரியதா, முழுசாக வந்ததா என்று சரிபார்க்கிறது. இந்த இரண்டு கட்டத்தில் நெற் அறுந்தாலும் கறண்ட் போனாலும் பாதகம் இல்லை, பழைய பதிப்பிலேயே திரும்ப எழும்பும். மூன்றாவது கட்டத்தில் ஃபிளாஷ் நினைவகத்தின் பழைய பகுதியை அழித்து, துண்டு துண்டாகப் புதியதை எழுதுகிறது. ஒன்றிரண்டு நிமிடம்தான். அதற்குள் கறண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. சில பெட்டிகளில் ஃபிளாஷ்ஷை இரண்டு அறையாகப் பிரித்து, ஓடாத அறையில் எழுதி, சரியாக எழும்பினால் மட்டும் அதற்கு மாறுவார்கள். அப்படிப்பட்ட பெட்டி தப்பும். உங்களுடையது எந்த வகை என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது, ஆகவே தப்பாத வகை என்று நினைத்தே நடவுங்கள்.

தொடங்குமுன் போனில் படம் எடுத்து வைக்கவேண்டியவை: வைஃபைப் பெயரும் கடவுச்சொல்லும், தாய்ப்பெட்டி ரவுட்டர் முறையில் ஓடுகிறதா அக்செஸ் பொயின்ற் முறையில் (வைஃபையை மட்டும் பரப்பும் முறை) ஓடுகிறதா என்பது, பிபிபிஓஇ (பயனர்பெயர் கொடுத்து நுழையும்) இணைப்பு என்றால் அதன் பயனர்பெயர், சிசிரிவி டிவிஆருக்கும் பிரின்ரருக்கும் ஒதுக்கிய ஐபி முகவரிகள், ஒவ்வொரு பெட்டியின் தற்போதைய பதிப்பு எண். சில ரவுட்டர்களில் அமைப்புகளைக் கோப்பாக இறக்கி வைக்கலாம். நல்லது, ஆனால் பழைய பதிப்பில் எடுத்த கோப்பைப் புதிய பதிப்பு சில வேளை ஏற்காது. படம் என்றைக்கும் வாசிக்கலாம். இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை முழுதாக அணைத்து வைத்திருந்தால் அன்றைக்கு மட்டும் போட்டுவிடுங்கள். மெஷ் படுத்தாலும் வழி தேட ஒரு நெற் வேண்டும். அந்த ஃபைபர் பெட்டியின் ஃபேர்ம்வேரை மட்டும் தொடவேண்டாம். அதை நிறுவனமே தன் பக்கத்திலிருந்து ஏற்றும்.

செயலி வழியே செய்வது இலகு. ரிபி-லிங்கின் டெக்கோ மெஷ் போன்றவற்றில் புதிய பதிப்பு இருந்தால் செயலியே காட்டும், ஒரு தட்டோடு எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து ஏற்றும். சிக்கல் வருவது தூரத்துத் துணைப்பெட்டியில். பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் முன் விறாந்தையிலிருந்து பின்பக்கக் குசினிக்குப் போகுமுன் சிக்னல் மூன்று தடித்த சுவரைத் தாண்டவேண்டும். கோப்பு பாதியில் அறுந்து அந்தப் பெட்டி மட்டும் பழைய பதிப்பில் நின்றுவிடும். திரும்பத் திரும்பத் தட்டிப் பயனில்லை. அதைக் கழற்றிக்கொண்டு வந்து தாய்ப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு மீற்றரில் வைத்து, முடிந்தால் ஒரு லான் கேபிளாலும் இணைத்து, எழும்பியபின் ஏற்றுங்கள். முடிந்தபின் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம். இப்படிச் செய்தால், யூபிஎஸ்ஸின் அம்பியர் போதும் என்றால், அந்தப் பெட்டியையும் அதிலேயே பூட்டலாம். கடையில் ஒரு பெட்டி, கனடாவிலிருந்து வந்தது ஒன்று என்று கலந்து வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள்.

கையால் கோப்பை ஏற்றுவதென்றால் பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. மாதிரியின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வி1, வி2, வி3 என்று வன்பொருள் பதிப்பு இருக்கும். பெயர் ஒன்றுதான், உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம். வி1 பெட்டிக்கு வி3 கோப்பு ஆகாது. அடுத்தது பிராந்தியம். அமெரிக்காவுக்கென்று செய்த பெட்டிக்கும் ஐரோப்பாவுக்கென்று செய்த பெட்டிக்கும் பல தயாரிப்பாளர்கள் தனிக் கோப்பு வைத்திருக்கிறார்கள், ஆகவே பெட்டி வாங்கிய பிராந்தியத்தின் பக்கத்திலிருந்தே இறக்குங்கள். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் எடுக்கவேண்டாம். யூரியூப் வீடியோவுக்குக் கீழே கிடக்கும் இணைப்பு, வட்ஸ்அப்பில் வந்த கோப்பு எதுவும் வேண்டாம். ஆசுஸ் போன்ற சிலர் கோப்புக்குப் பக்கத்தில் எஸ்எச்ஏ-256 எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியானதை, கொடுப்பார்கள். விண்டோஸின் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை அதே எண்ணைக் கணித்துத் தரும், இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இறக்கியது ஸிப் என்றால் விரித்து உள்ளே இருக்கும் கோப்பைத்தான் கொடுக்கவேண்டும். ஸிப்பையே கொடுத்துவிட்டுக் கோப்பு பிழை என்று ரவுட்டர் சொல்வதாக முறையிடுபவர்கள் நிறைய. கோப்பின் பெயரை மாற்றவேண்டாம். மடிகணினியை லான் கேபிளால் தாய்ப்பெட்டியில் பூட்டி, உலாவியில் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். டெக்கோவில் அனேகமாக 192.168.68.1. ஃபேர்ம்வேர் பகுதி பெரும்பாலும் அட்வான்ஸ்ட், சிஸ்ரம் என்ற தலைப்புகளுக்குள் இருக்கும்.

ஒழுங்கு முக்கியம்: தூரத்துத் துணைப்பெட்டி முதலில், பிறகு அடுத்தது, தாய்ப்பெட்டி கடைசி. நெற்கியர் நிறுவனம் தன் ஓர்பி மெஷ்ஷுக்கு இதே ஒழுங்கைத்தான் சொல்கிறது. தாய் முதலில் புதிய பதிப்புக்குப் போய், பழைய பதிப்பில் நிற்கும் துணைப்பெட்டிகளோடு பேச்சு முறிந்தால் அவற்றுக்குக் கோப்பை அனுப்ப வழி இல்லாமல் போகும். இரண்டு மூன்று பதிப்பு பின்தங்கியிருந்தால் வெளியீட்டுக் குறிப்பை வாசியுங்கள். இடையில் ஒரு பதிப்பைக் கட்டாயம் ஏற்றிவிட்டு வரும்படி சில வேளை கேட்டிருப்பார்கள்.

ஏற்றத் தொடங்கிவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். டெக்கோ எம்5 இல் பச்சை விளக்கு மெல்ல மெல்ல மங்கி எரிந்தால் எழுதிக்கொண்டிருக்கிறது. பிறகு அணைந்து மஞ்சளில் எழும்பும், கடைசியில் அசையாத பச்சை. துணைப்பெட்டியில் சிவப்பு மங்கி எரிந்தால் தாயோடு இன்னும் சேரவில்லை என்று பொருள், தாய் எழும்பும் வரை அப்படித்தான் இருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் வந்துவிட்டது, 5 கிகாஹேர்ட்ஸ் மட்டும் வரவில்லை என்றாலும் பதறவேண்டாம். ரேடாரோடு பகிரும் அலைவரிசையில் தொடங்கும் ரவுட்டர், அங்கே ரேடார் இருக்கிறதா என்று முதலில் 60 செக்கன் காது கொடுத்துக் கேட்கவேண்டும். ஐரோப்பிய விதிக்குச் செய்த பெட்டி, காலநிலை ரேடாருக்குரிய 5600 இலிருந்து 5650 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் என்றால் 10 நிமிடம் கேட்கும். இந்த 10 நிமிடத்தில் பொறுமை இழந்து பிளக்கை இழுப்பவர்கள்தான் கூட. ஒரு பெட்டிக்கு அரை மணித்தியாலம் கொடுங்கள். அதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் மட்டும் கறண்டைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டுப் போடலாம்.

அப்படியும் எழும்பாவிட்டால் எறியவேண்டாம். தொடக்கி விடும் சின்ன நிரல் ஃபிளாஷ்ஷில் வேறு இடத்தில் இருக்கிறது, சாதாரண அப்டேற் அதைத் தொடுவது குறைவு. ஆசுஸ் ரவுட்டர் என்றால் ரீசெற் பொத்தானை அமத்திப் பிடித்தபடி கறண்டைப் போட்டு, பவர் விளக்கு மெதுவாக மினுங்கத் தொடங்கியதும் விடுங்கள். கணினிக்கு 192.168.1.10 என்று நிலையான முகவரி, 255.255.255.0 என்று மாஸ்க் கொடுத்து, லான் கேபிளால் பூட்டி, ஆசுஸின் மீட்பு மென்பொருளால் கோப்பைத் திரும்ப அனுப்பலாம். கணினியின் வைஃபையை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அது வேறு வலையோடு இணைந்திருந்தால் மென்பொருள் ரவுட்டரைக் கண்டுபிடிக்காது. மற்றத் தயாரிப்புகளின் முறை மாதிரிக்கு மாதிரி மாறும், முகவரியும் மாறும். உத்தரவாதக் காலம் இருந்தால் கடைக்குக் கொண்டுபோவதே முதல் வழி.

எல்லாம் சரியாக முடிந்தபின்னும் 10 நிமிட வேலை இருக்கிறது. எல்லாப் பெட்டியிலும் பதிப்பு எண் புதியதுதானா, நேர வலயம் கொழும்பிலேயே நிற்கிறதா, அணைத்து வைத்திருந்த யூபிஎன்பி (கருவிகள் தாங்களே வெளிவழி திறப்பது), டபிள்யூபிஎஸ் (பொத்தானை அமத்தி இணைப்பது), வெளியிலிருந்து நுழையும் நிர்வாக வசதி ஆகியன திரும்ப முளைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். புதிய பதிப்போடு டபிள்யூபிஏ3 (புதிய வைஃபைப் பூட்டு முறை) அல்லது வேக ரோமிங் (பெட்டிக்குப் பெட்டி கெதியாக மாறும்) வசதியும் சேர்த்துப் போட்டிருந்தால் பழைய பிரின்ரர், பழைய ரிவி, சிசிரிவி கமெரா இணைய மறுக்கும். அவற்றில் ஒன்று மட்டும் வராவிட்டால் பெட்டியை ரீசெற் செய்யாமல் முதலில் அந்த வசதியை அணைத்துப் பாருங்கள். போன் தூரத்துப் பெட்டியையே பிடித்துக்கொண்டு நின்றால், வைஃபையை மறக்கச் சொல்லித் திரும்ப இணைத்தால் போதும். புதிய பதிப்பு பிடிக்கவில்லை, பழையதுக்குப் போகவேண்டும் என்றால் தயாரிப்பாளர் விடுகிறாரா என்று முதலில் பாருங்கள். பலர் பின்னோக்கிப் போவதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். விட்டாலும், இறக்கியபின் தொழிற்சாலை நிலைக்கு ரீசெற் செய்து படங்களைப் பார்த்துத் திரும்ப அமைப்பதுதான் சுத்தம்.

கடைசியாக, ஒரு துண்டு வெள்ளை ஒட்டுநாடாவில் திகதியும் பதிப்பு எண்ணும் எழுதி ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒட்டுங்கள். அடுத்த முறை செயலி திறக்காத நாளிலும், லண்டனிலிருந்து பிள்ளை ரெலிபோனில் கேட்கும் நாளிலும், பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாசித்துச் சொல்லலாம். அந்தத் திகதி இரண்டு வருடம் பழசாகியும் தயாரிப்பாளரின் தளத்தில் புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அவரது ஆதரவு முடிந்த மாதிரிகளின் பட்டியலில் உங்கள் பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது எவ்வளவு வடிவாக ஓடினாலும் மாற்றவேண்டிய பெட்டிதான்.